டங் என்று ஒலிக்காத அலமாரி

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இப்போது எல்லோருக்கும் மஞ்சள் அலமாரி ஆசை வந்திருக்கிறது. வெளிநாட்டுக்குக் கோப்பை அனுப்பும் கம்பெனிகளுக்குத் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் கோப்பையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, ரசாயனங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். உடனே கணக்குப் பிரிவில் பழைய பைல் வைத்திருந்த பீரோ ஒன்றை இழுத்து வந்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, கதவில் தீப்பிழம்புப் படம் ஒட்டிவிடுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. தீப்பிடித்தால் முதலில் அந்தப் படம் எரியும்.

ஓய்வு பெற்ற பிறகும் என் போன் ஓயவில்லை. "சார், மஞ்சள் வாங்கறதா, நீலம் வாங்கறதா?" என்று போட்டோ அனுப்புகிறார்கள், கல்யாணத்துக்குப் புடவை எடுப்பது போல. மஞ்சள் எரியும் திரவத்துக்கு, நீலம் அமிலத்துக்கு. "உள்ளே என்ன வைக்கப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் இன்னொரு போட்டோ வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அவர் போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஒவ்வொருவருக்காகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எனவே எழுதிவிடுகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். அதற்குமேல் பீங்கான் தொழில்நுட்பமும் படித்தேன். படித்ததில் பாதியை மறந்துவிடும்படி தொழிற்சாலை முதல் மாதமே கேட்டுக்கொண்டது. மீதிப் பாதியை நான் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். அந்தப் பாதிதான் எனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. கப், சாசர், தட்டு செய்யும் நடுத்தரக் கம்பெனி அது. பெயர் வேண்டாம். ஸ்டோரும் சோதனைக்கூடமும் சேர்த்து என் பொறுப்பு. அதாவது எது காணாமல் போனாலும் நான், எது வெடித்தாலும் நான்.

நான் பொறுப்பேற்றபோது ரசாயனங்கள் எல்லாம் ஒரு மர அலமாரியில் இருந்தன. அடுக்கியிருந்த முறை உயரப்படி. பள்ளிக்கூட குரூப் போட்டோ போல உயரமானவை பின்வரிசை, குள்ளமானவை முன்வரிசை. நைட்ரிக் அமிலமும் தின்னரும் தோளோடு தோள் உரசி நின்றன. இரண்டும் கொட்டிக் கலந்தால் போட்டோ எடுக்க ஆள் இருக்காது. பேரியம் கார்பனேட் என்று ஒரு வெள்ளைப் பொடி. பார்த்தால் கோலமாவு, சாப்பிட்டால் எலி செத்துப்போகும், நாமும் எலியோடு போவோம். அது டீக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவின் பக்கத்தில் இருந்தது. கம்பெனியில் ஒரே ஒரு நல்ல பூட்டு இருந்தது. அது தங்க மைக்கு. கப்பின் விளிம்பில் பொன் கோடு இழுக்கும் அந்தத் திரவத்தில் நிஜத் தங்கம் இருப்பதால் அதற்குப் பூட்டு, விஷத்துக்குக் கொக்கி.

முதல் வேலையாக அவற்றைப் பிரித்தேன். அமிலங்கள் இரும்பை அரிக்கும், ஆகவே அவற்றுக்குப் பிளாஸ்டிக் பெட்டி, பிளாஸ்டிக் தட்டு, சோதனைக்கூடத்தின் காற்றோட்டமான மூலை. அமிலத்திலும் நைட்ரிக் தனிக்குடித்தனம். விஷப் பொடிக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். சர்க்கரையைக் கேண்டீனுக்கு நாடு கடத்தினேன். இதற்காக அலுவலகத்தில் சிலர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. சர்க்கரைக்காகத்தான், விஷத்துக்காக அல்ல.

மிச்சம் இருந்தவை எரியும் திரவங்கள்: தின்னர், டர்பன்டைன், வார்னிஷ், தங்க மை. இவற்றை எங்கேயும் அனுப்ப முடியாது. கப்பில் பூப்படம் ஒட்டுவதும் பொன் கோடு இழுப்பதும் அலங்காரப் பிரிவில், அங்கே மணிக்கொரு தரம் இவை வேண்டும். அலங்காரப் பிரிவு என்றால் நீளமான ஒரே அறை. மங்கையும் அவர் கீழே எட்டுப் பெண்களும் அங்கே வேலை செய்தார்கள். அறைக்கு வாசல் ஒன்றுதான். ஒரு சுவரில் உலர்த்தும் ஹீட்டர், ஒரு சுவரில் மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னல்கள், அவற்றில் கம்பி. மூன்றாவது சுவர் முழுக்க மேசைகள், அதன் கோடியில், வாசலுக்கு நேர் எதிர் மூலையில், மங்கையின் இருக்கை. பொன் கோட்டுக்கு அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும் என்பார். அலமாரி வைக்க இருந்த இடம் வாசலை ஒட்டிய சுவர் மட்டும். எரியும் திரவத்தை வெளியேறும் வழியில் வைக்காதே என்று எல்லா விதிப் புத்தகங்களும் சொல்கின்றன. விதிப் புத்தகம் எழுதியவர்களுக்கு எப்போதும் நான்கைந்து சுவர் கிடைத்துவிடுகிறது. எங்களுக்கு ஒன்றுதான் கிடைத்தது. எனவே அங்கே நிற்கப் போகும் அலமாரியாவது சரியானதாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது பேருக்கும் வாசல் இருந்தும் இல்லாத மாதிரி.

இந்த இடத்தில்தான் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் பூவராகன் வருகிறார். ஸ்ரீமுஷ்ணம்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் தனக்குக் காபி சொல்வார். கோபம் அதிகமானால் நமக்கும் சேர்த்துச் சொல்வார். அவர் அறையில் இரண்டு டம்ளர் காபி போகிறது என்றால் உள்ளே யாரோ வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். பீங்கான் தொழிலில் அது எல்லோரும் செய்வதுதான். சூளையிலிருந்து வந்த கப்பை விரல் நுனியில் நிறுத்தி, மறு கையின் விரல் முட்டியால் ஒரு தட்டு. டங் என்றால் நல்ல சரக்கு, டொப் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். பூவராகன் இதைக் கப்போடு நிறுத்தவில்லை. புது மேசை, தேங்காய், ஆபீசுக்கு வாங்கிய தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். வேலைக்கு வந்த ஒருவனின் முதுகில் அவர் தட்டிக்கொடுத்தபோது அந்த ஆள் தேர்வாகிவிட்டோமா என்று முகத்தைப் பார்த்தான். கப் விஷயத்தில் அவர் காது ஒருநாளும் தவறியதில்லை. சிக்கலே அதுதான்.

அலமாரி வாங்க அனுமதி கேட்டேன். உடனே கொடுத்தார். கஞ்சத்தனம் அவரிடம் கிடையாது. சென்னை வியாபாரி இரண்டு மாதிரிகளை மினி லாரியில் வேப்பூர் வழியாக அனுப்பி, கூடவே டை கட்டிய ஒரு விற்பனையாளரையும் அனுப்பியிருந்தார். லாரி வந்து நின்றபோது டை மட்டும்தான் கசங்காமல் இருந்தது. ஒன்று இரட்டைச் சுவர் அலமாரி, இரண்டு தகட்டுக்கு நடுவே இடைவெளி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுகள், சாத்தினால் மேல், கீழ், நடு என்று மூன்று இடத்தில் பிடிக்கும் தாழ், உள்ளே கொட்டினால் வெளியே வழியாதபடி அடியில் வாசற்படி போல ஒரு தடுப்பு. மற்றது ஒற்றைத் தகடு. பீரோவுக்குப் பிறந்து மஞ்சள் வீட்டில் வளர்ந்தது.

பூவராகன் முதல் அலமாரியைத் தட்டினார். தலையைச் சாய்த்தார். மறுபடி தட்டினார்.

"என்னய்யா கலியமூர்த்தி, டொப்புங்குது?"

"ரெட்டைச் சுவர் சார். நடுவுல இடைவெளி வுட்டிருக்காங்க."

"இடைவெளியா? நம்ம தொழில்ல அதுக்கு விரிசல்னு பேரு."

விற்பனையாளர் ஓடி வந்தார். "சார், இது தீயில பத்து நிமிஷம் தாங்கும் சார்."

"பத்து நிமிஷமா? நம்ம கப்பு ராத்திரி பூரா சூளையில நிக்குது தம்பி. நீ பத்து நிமிஷத்துக்கு லாரி வெச்சுகிட்டு வந்திருக்க." பிறகு இரண்டாவதைத் தட்டினார். டங்! கோயில் மணி மாதிரி ஒலித்தது. பூவராகனின் முகம் மலர்ந்தது. "இதுய்யா சரக்கு. எறக்கு."

நான் வாய் திறந்தேன். பத்து நிமிடம் அலமாரிக்கு அல்ல, ஆட்களுக்கு என்று விளக்கினேன். தீயை அணைக்கிற வேலை அலமாரியுடையது இல்லை. வெளியே எரியும்போது உள்ளே இருக்கும் திரவம் சூடேறிப் பொங்காமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். அந்த நேரத்தில் அறையில் இருப்பவர்கள் வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். பூவராகன் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, இரண்டு காபி சொன்னார்.

ஆனால் கம்பெனி நடைமுறை ஒன்று என் பக்கம் இருந்தது. வந்த சரக்கு கேட்ட சரக்குதான் என்று ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்துப் போடாமல் எதுவும் உள்ளே போகாது. நான் போடவில்லை. இரண்டு மாதிரிகளும் கூரைக் கொட்டகையில் நின்றன.  பூவராகன் அறையிலிருந்து எனக்குத் தினமும் காபி மட்டும் வந்தது. அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கெட்டதற்குப் பாதிக் காரணம் மனசாட்சி, பாதி காபி.

மங்கை ஒருநாள் கொட்டகைக்கு வந்து, மஞ்சள் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போகுமா போகாதா என்று ஊரே தவித்துக்கொண்டிருந்த காலத்திலும் நக்கலை விடாதவர்.

"சார், இது பீரோ."

"மேனேஜர் அலமாரிங்கறாரு."

"எனக்குச் சீரு குடுத்தாங்களே, அது இதே தான். என்னுதுல கண்ணாடி இருக்குது, இதுல நெருப்புப் படம் இருக்குது. என்னுதே தேவலாம், தலையாச்சும் சீவிக்கலாம்."

"பொடவை ஆவியாகாது மங்கைம்மா. தின்னர் ஆகும். தீப்புடிக்கறதே அந்த ஆவிதான்."

"எங்கூருல பூமிக்குக் கீழ பூரா நிலக்கரி சார். அது மேலயே படுத்துத் தூங்குறவங்க நாங்க. எங்ககிட்டப் போயி தீயைப் பத்திச் சொல்றீங்க." சிரித்துவிட்டுக் கிளம்பியவர், இரண்டடி போய்த் திரும்பினார். "சார், வெளையாட்டுக்கு இல்ல. நான்தான் கோடியில உக்காந்திருக்கேன். வாசப்பக்கம் புடிச்சுகிச்சுன்னா நான் வந்து சேந்துருவனா? அத மட்டும் சொல்லுங்க."

"இந்த பீரோவை வெச்சா, சொல்ல முடியாது."

"அப்ப கையெழுத்துப் போடாதீங்க. போயிட்டு வரேன்."

கையெழுத்துப் போடாமல் இருப்பது சுலபம். அதனால் நல்ல அலமாரி வந்துவிடாது. பூவராகனிடம் விதிப் புத்தகத்தைக் காட்டலாம், புத்தகத்தையும் தட்டிப் பார்ப்பார். அவர் காது பொய் சொல்கிறது என்று நிரூபிக்க முடியாது, ஏனென்றால் அது பொய் சொல்லவில்லை. கேட்ட ஓசை சரிதான், கேட்ட இடம்தான் தப்பு. இது எனக்கு உறைத்தது சூளைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது. மறுநாள் காலை அவர் சூளையைப் பார்வையிட வந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், இந்தச் சூளைச் சுவரைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க."

"எதுக்குய்யா?"

"சும்மா."

தட்டச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. தட்டினார். டொப் என்றது. வெளித்தகடு, உள்ளே பஞ்சு போன்ற காப்புக் கல், அதற்குள்ளே வெண்மையாகக் கொதிக்கும் நெருப்பு. அவர் உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தார். சுடவில்லை.

"டங்குனு சொல்ற சுவரை வெச்சுக் கட்டியிருந்தா, இப்ப கைய வெச்சிருப்பீங்களா சார்?"

பூவராகன் கையை எடுத்தார். ஓரடி நகர்ந்து இன்னோரிடத்தில் தட்டினார். இன்னும் ஓரடி நகர்ந்தார். சூளையின் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போய், அந்தக் கோடியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று எனக்குக் காபி வரவில்லை. அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை அது. டொப் அலமாரி அலங்காரப் பிரிவுக்குப் போனது. டங் அலமாரியை அவர் திருப்பி அனுப்பவில்லை. தன் அறைக்குப் பைல் வைக்க எடுத்துக்கொண்டார். அவ்வப்போது அதைத் தட்டும் சத்தம் கேட்கும்.

சரியான அலமாரி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். வேலை அன்றுதான் ஆரம்பம். ஆட்டமில்லாமல் சமதளத்தில் நிறுத்தினேன், இல்லாவிட்டால் கதவு சாத்தாது. பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளைகளின் மூடியைக் கழற்றவில்லை, குழாய் போட்டு வெளியே கொண்டுபோக வசதி இல்லாதபோது அவை மூடியே இருக்க வேண்டும். மின்னூட்டம் தரையிறங்க ஒரு கம்பி இழுத்தேன். அன்றைக்குத் தேவையான தின்னர் மட்டும் உள்ளே, மிச்சம் வெளியே தனிக் கொட்டகையில். அலமாரியின் தலைமேல் எதுவும் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிய தாளின்மேல் ஒரு கைப்பை தொங்கியது. ஆயுத பூஜைக்கு அலமாரிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தீப்பிழம்புப் படத்துக்குக் கீழே தட்டில் கற்பூரம் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்கள். அந்தத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை, அலங்காரப் பிரிவு கோபித்துக்கொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை அந்தக் கதவால் வந்தது. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு என்பது எனக்குப் பெருமை, அவர்களுக்குத் தலைவலி. ஒரு கையில் கப், ஒரு கையில் தூரிகை வைத்திருப்பவர்கள் எதைக் கொண்டு கதவைத் திறப்பார்கள்? விரிசல் விட்ட கப் ஒன்றைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தார்கள். நான் காலையில் போய்க் கப்பை எடுப்பேன். மதியம் வேறொரு கப் இருக்கும். பீங்கான் கம்பெனியில் விரிசல் விட்ட கப்புக்கா பஞ்சம்?

"கதவைத் திறந்து வெச்சா இதுக்குப் பேரு அலமாரி இல்ல, அலங்காரம்."

"எங்க பிரிவு பேரே அதான சார்," என்பார் மங்கை, தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மழைக்காலத்தில் ஒரு மதியம், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் அது நடந்தது. வாசல் பக்கம் ஒரு மேசை மின்விசிறியின் பிளக் பொறி விட்டது. கீழே தின்னர் துடைத்த துணிகள் போடும் இரும்புத் தொட்டி. அதற்கு மூடி உண்டு. அன்று மூடி சூளைப் பக்கம் வேறு எதையோ மூடப் போயிருந்தது. நான் முற்றத்துக்கு எதிரே ஸ்டோரில் இருந்தேன். வாடைதான் முதலில் வந்தது. வெளியே ஓடி வந்தபோது வாசலில் புகை தெரிந்தது, புகைக்குள் அலமாரியின் பக்கவாட்டை நக்கும் மஞ்சள் நெருப்பு தெரிந்தது.

எலக்ட்ரீஷியன் மெயினை இறக்க ஓடினார். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணினேன். எட்டு. மங்கை இல்லை. என் தலைக்குள் ஒரே கேள்வி ஓடியது: கதவிடுக்கில் கப் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அந்த நெருப்புக்கும் தின்னருக்கும் நடுவே எதுவும் இல்லை, அந்த மூலையிலிருந்து வருகிறவருக்கும் வழி இல்லை. நான் வாங்கிய இரட்டைச் சுவர், மூன்று தாழ், சூளையில் நடத்திய வாதம், எல்லாம் ஒரு விரிசல் விட்ட கப்பின் கையில்.

உள்ளே போக அடியெடுத்தபோது புகையைக் கிழித்துக்கொண்டு மங்கை வந்தார். இருமினார், காறித் துப்பினார்.

"கதவு?" என்றேன்.

"தொறந்துதான இருக்குது, வந்துட்டனே."

"அலமாரிக் கதவு!"

"ஓ, அதுவா. கப்பு வெச்சிருந்தோம். வரப்ப அந்தக் கப்பை ஒரு ஒதை வுட்டேன், கதவு போயி சாத்திக்கிச்சு. தானா சாத்திக்கும் தானா சாத்திக்கும்னு தெனமும் பாடுவீங்களே, நெசமாத்தான் சார் சாத்திக்குது."

பவுடர் சிலிண்டர்களைக் கொண்டு அணைத்தோம். தீயணைப்பு வண்டி வந்தபோது அவர்களுக்குப் புகை மட்டும் மிச்சம் இருந்தது. மேசை இரண்டு போயின, மின்விசிறி போனது, கூரையின் ஒரு பக்கம் கரி. அலமாரியின் பெயின்ட் கொப்பளித்திருந்தது. பூவராகன் வந்து நின்று, முதல் கேள்வியாக எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டார். அதற்காக அவரை எத்தனையோ மன்னிக்கலாம். இரண்டாவது கேள்வி தங்க மையைப் பற்றி.

"தொறந்து பாருய்யா, இருக்குதா போச்சான்னு."

"நாளைக்கு சார்."

"தாழைத் தூக்கினா தொறந்துக்கும்தான?"

"தொறந்துக்கும். உள்ள ஆவி சூடா இருக்கும். இப்பத் தொறந்து காத்து பட்டுச்சுன்னா மறுபடி புடிச்சுக்கும். ஆறணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, நாளை வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று என் குரலைவிடக் கண்டிப்பாகச் சொன்னார். மறுநாள் திறந்தோம். தின்னர் டப்பாக்கள் வைத்தபடியே நின்றன. தங்க மைப் புட்டிகளும் அப்படியே இருந்தன. அது மறுநாள் கதை.

அன்று நான் முற்றத்தைத் தாண்டிப் புங்க மரத்தடிக்குப் போனேன். ஒன்பது பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி மட்டும் இன்னும் தூரிகையைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மங்கையின் மடியில் அவருடைய சாப்பாட்டுப் பை இருந்தது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்தது. எட்டாவது ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் நடுவே நான் வாசலில் நின்று செத்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்த அம்மாள் மூலையில் ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தீ எச்சரிக்கையின்போது சொந்தப் பொருள் எதையும் எடுக்கக் கூடாது, எடுக்கத் திரும்பக் கூடாது. வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் நான் மூன்று முறை சொல்லும் விதி அது. சொல்லும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவதும் இவர்தான்.

கண்டிக்க வேண்டிய இடம், கண்டிக்க வேண்டிய ஆள். எதிரே போய் நின்றேன். விதியின் எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்பது உட்பட எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மங்கை டிபன் பாக்ஸைத் திறந்தார். புளிசோறு, ஓரத்தில் வறுத்த கத்தரிக்காய். முதல் பிடியைத் தூரிகையை விடாத பெண்ணுக்கு ஊட்டிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன சார் மொறைக்கிறீங்க? உக்காருங்க. கைய நீட்டுங்க."

அந்த விதியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாய் நிறையப் புளிசோறு இருந்தது.